வீட்டில் ஒலிப்பதிவு செய்யப் புகும் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்



சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடிப் பதிவு செய்ய வேண்டும், அல்லது பாட்காஸ்ட் என்று வழங்குகிற பேச்சுத் தொடரொன்றை வாரந்தோறும் வெளியிட வேண்டும் என்ற உத்தேசத்தோடு, வீட்டின் ஒரு மூலையையே ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றிக்கொள்ள முனைந்திருக்கும் உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த மைக் வாங்குவது, எந்த மென்பொருளை ஏற்றிக்கொள்வது என்ற இரண்டு கேள்விகளோடு நீங்கள் தொடங்குகிறீர்கள். இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் அவை வரிசையில் முதலாவதாக நிற்க வேண்டியவை அல்ல என்பதும், அவற்றை முதலில் நிறுத்தியதனாலேயே நல்ல சாரீரமும் நல்ல விஷயமும் படைத்த எத்தனையோ பதிவுகள் செவிக்குச் சிரமம் தருவனவாய்ப் போயின என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

ஒலிப்பதிவில் நேரக்கூடிய குறைகள் இரு வகைப்படும். பேச்சின் நடுவே விழுந்த இருமலை வெட்டிவிடலாம். தணிந்து ஒலித்த குரலை உயர்த்தலாம். அடிக்குரல் மிகுந்து கனத்திருந்தால் ஈக்வலைசரைக் கொண்டு இறக்கலாம். பாட்டுக்குப் பின்னணியாக வைத்த கீபோர்டு பொருந்தவில்லையென்றால் வேறொன்றை வைத்துக்கொள்ளலாம். இவையெல்லாம் பிற்பாடு நிவர்த்தியாகக் கூடியவை. ஆனால் வெற்றுச் சுவர்களில் மோதித் திரும்பிய எதிர்முழக்கம் குரலோடு பின்னிப் பிணைந்து மைக்கில் ஏறிவிட்டதென்றாலும், லெவல் எல்லை மீறி மேல் ஸ்தாயியில் குரல் கிழிந்துவிட்டதென்றாலும், வயது முதிர்ந்த பாட்டி ஒரே ஒரு முறை பாடிய தாலாட்டின் அடியில் ஃபிரிட்ஜின் உறுமல் ஓடிக்கொண்டே இருந்ததைப் பாடும்போது யாரும் கவனிக்கவில்லையென்றாலும், அவற்றை முற்றிலும் சீர்செய்ய இன்றுவரை உபாயமில்லை. எதிர்முழக்கத்தைக் குறைக்கும் மென்பொருள்கள் உண்டு. அவை குறைக்கவும் செய்கின்றன. ஆனால் குறைக்கும்போது குரலின் ஜீவனிலும் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டே போகின்றன. ஆகவே, பின்னால் நிவர்த்திக்க முடியாத குறையைத் தடுக்கும் பொருளுக்கு முதற்பணமும், எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளக்கூடிய பொருளுக்குக் கடைசிப் பணமும் செலவிடுங்கள் என்பதே நான் உங்களிடம் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் ஒரே விஷயம். மற்றவை அனைத்தும் இதன் விரிவுதான்.

வீட்டில் செய்த பதிவு கூடத்தில் செய்ததற்குத் தாழ்ந்தது என்ற எண்ணம் உங்களில் யாருக்கேனும் இருந்தால் அதை விட்டுவிடலாம். 1982-ஆம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், நியூ ஜெர்சியில் தாம் வாடகைக்கு இருந்த வீட்டின் படுக்கையறையில் உட்கார்ந்து, டியாக் கம்பெனியார் 1979-இல் வெளியிட்ட போர்ட்டா ஸ்டூடியோ என்ற நான்கு ட்ராக் கேசட் கருவியிலும், ஷூர் எஸ்எம்57 என்ற சாதாரண மைக்குகள் இரண்டிலும், தம் குழுவினருக்குக் காட்டுவதற்கென்று சில பாட்டுக்களைப் பதிவு செய்துகொண்டார். பிறகு தேர்ந்த வாத்தியக்காரர்களோடு பெரிய கூடத்தில் அதே பாட்டுக்களைப் பாடிப் பார்த்தபோது, கேசட்டில் இருந்த பாவம் அங்கே வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டே 'நெப்ராஸ்கா' என்ற இசைத்தட்டாக அந்த ஆண்டே வெளிவந்தது. நம்மிடையேயும், 1992-இல் வெளிவந்து தமிழ்த் திரையிசையின் போக்கையே மாற்றிய 'ரோஜா'வின் இசை, ஏ.ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் இல்லத்தோடு சேர்த்து அமைத்துக்கொண்ட கூடத்தில் உருவானதுதான். இவ்விரண்டிலும் கருவிகளின் தராதரத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருந்தது. இடம் மட்டும் இரண்டிலும் வீடு.

எனவே வீட்டு அறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லுகிறேன். இந்த விஷயத்தை முதன்முதலில் சாஸ்திர முறைப்படி ஆராய்ந்தவர் வாலஸ் சாபின். 1895-இல், ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக் கலைக் காட்சிசாலையில் புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடத்தில் பேசுவோர் பேச்சு கேட்போருக்கு விளங்காமற் போகவே, காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் பொறுப்பு இளம் பௌதிக ஆசிரியரான அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே ஒரு சொல்லைச் சொன்னால் அது அடங்குவதற்கு ஏறத்தாழ ஐந்தரை வினாடி ஆயிற்று. அதற்குள் அடுத்த பத்துப் பதினைந்து சொற்கள் பிறந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் புரண்டன. சாபின், தெருவின் சந்தடி ஓய்ந்த நள்ளிரவுகளில், பக்கத்திலிருந்த நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து கூடத்தில் பரப்பி, ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கச் செய்து, அது அடங்கும் நேரத்தைத் தம் காதைக் கொண்டே அளந்தார். மெத்தைகள் பெருகப் பெருக முழக்கம் குறைந்துகொண்டே வந்து, முடிவில் ஒரு வினாடிக்குச் சற்று மேல் என்ற அளவில் நின்றது. உலகத்துச் சங்கீத மண்டபங்களைத் திட்டமிடும் கணக்கு முழுவதும் அந்த மெத்தைகளிலிருந்து பிறந்தது என்றே சொல்லலாம்.

நம் ஊர் வீடுகளின் அறைகள் பெரும்பாலும் சிமெண்டுச் சுவரும் டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையுமாக, ஒலியைக் கொஞ்சமும் உண்ணாமல் அப்படியே திருப்பி அடிக்கிற பரப்புகளால் ஆனவை. காலி அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டலுக்குப் பின்னால் 'ட்ரீங்' என்று நடுங்கி ஓடும் ஒரு வால் கேட்டால், எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டு ஒலியைப் பந்தாடுகின்றன என்று பொருள். அந்த அறையில் லட்ச ரூபாய் மைக்கை வைத்தாலும் அந்த வாலை அது இன்னும் தெளிவாகப் பிடித்துக் கொடுக்குமே ஒழிய வேறொன்றும் செய்யாது. இதற்குப் பரிகாரம் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கிறது. இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி வைப்பது, தரையில் கனத்த ஜமுக்காளத்தை இரட்டையாக மடித்து விரிப்பது, துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதை நோக்கிப் பேசுவது, ஜன்னலுக்குத் தடித்த திரையை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுவது ஆகிய காரியங்கள் சாபினின் மெத்தைகள் செய்த வேலையையே செய்யும். புத்தக அலமாரி உள்ள அறை கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள். வெவ்வேறு அளவுள்ள புத்தகங்கள் ஒலியைச் சிதறடித்துப் பந்தாட்டத்தைக் குலைத்துவிடுகின்றன.

இங்கே இரண்டு மயக்கங்களைத் தெளிவித்துக்கொள்ள வேண்டும். முட்டை அட்டையைச் சுவரெங்கும் ஒட்டினால் ஸ்டூடியோ ஆகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே வெகுநாளாக நிலவுகிறது. மெல்லிய அந்த அட்டை மேல் ஸ்தாயியில் சிறிதளவு மாறுதல் செய்வதைத் தவிர வேறு பயன் தருவதில்லை, எளிதில் தீப்பற்றக் கூடியது வேறு. கடைகளில் கிடைக்கும் ஓரங்குல ஃபோம் பலகையின் கதையும் ஏறக்குறைய அதுவே. ஆண்குரலின் அடித்தளம் 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது. அந்த ஒலியின் ஓர் அலை 3.4 மீட்டர் நீளம். அதன் கால் பங்கு 85 சென்டிமீட்டர். அவ்வளவு நீளமான அலையை ஓரங்குலப் பஞ்சு தடுக்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. அது 'ச', 'ஸ' போன்ற கூரிய ஒலிகளை மட்டும் விழுங்கிவிட்டு, அடிக்குரலின் முழக்கத்தை அப்படியே விட்டுவிடுவதால், அறை முன்னிலும் மந்தமாகவும் பெட்டிக்குள் பேசுவது போலவும் ஆகிறது. பணம் செலவிடுவதாயின், நாலங்குலத் தடிமனுள்ள ராக்வூல் பலகைகளைத் துணியால் நன்றாகப் போர்த்திச் சட்டமிட்டு, சுவரிலிருந்து சற்று இடைவெளி விட்டு நிறுத்துங்கள். நாலைந்து பலகைகளைத் தச்சரைக் கொண்டு செய்துகொள்ள ஆகும் செலவு, நடுத்தர மைக் ஒன்றின் விலையைப் பெரும்பாலும் தாண்டாது.

இரண்டாவது மயக்கம், வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுப்பதையும், உள்ளே பிறந்த சத்தம் சுவரில் மோதித் திரும்பாமல் தடுப்பதையும் ஒன்றாக எண்ணுவது. மெத்தையும் பஞ்சும் இரண்டாவதற்கே உதவும். ஆட்டோவின் ஹாரனை அவை நிறுத்தமாட்டா. அதற்குக் கனமான சுவரும் காற்றுப் புகாத கதவும் வேண்டும், வாடகை வீட்டில் அது சாத்தியமான காரியமுமல்ல. சத்தம் அடங்கும் வேளையைத் தேர்ந்துகொள்வதே அங்கே வழி. காக்கை கரையத் தொடங்குமுன் விடியற்காலையிலோ, தெரு உறங்கிய பின் இரவிலோ பதிவு செய்யுங்கள். அந்த நேரத்துக்கு மின்விசிறியை நிறுத்துங்கள். ஃபிரிட்ஜையும் நிறுத்திவிட்டு, திரும்பப் போட மறக்காமலிருக்க வீட்டுச் சாவியை அதன் மேல் வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் விசிறியில்லாமல் ஒரு மணி நேரம் அறைக்குள் இருப்பது லேசான காரியமல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வியர்வைக்கு ஈடான பயனைத் தரும் கருவி கடையில் எதுவுமில்லை.

அறைக்கு அடுத்தபடி மைக். அதிலும் எந்த மைக் என்பதற்கு முன்னால், எவ்வளவு தூரத்தில் என்ற கேள்வி நிற்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் இடையேயுள்ள தூரம் பாதியாகக் குறையும்போதெல்லாம் நேராக வரும் குரல் 6 டெசிபல் உயருகிறது. அறையின் முழக்கமோ எங்கே வைத்தாலும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கிறது. 60 சென்டிமீட்டரில் இருந்த மைக்கை 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால், அறையின் சத்தத்தைக் காட்டிலும் குரல் 12 டெசிபல் மேலோங்குகிறது. ஒரு காசு செலவில்லாத இந்த லாபத்தை விலையுயர்ந்த எந்த மைக்கும் தருவதற்கில்லை. மேசைமேல் குட்டைக் காலில் நிற்கும் மைக்கைவிட, வாய்க்கு நேரே நீட்டி மடக்கக்கூடிய உறுதியான ஸ்டாண்டு ஒன்று உங்களுக்கு அதிக உபகாரம் செய்யும். மிக நெருங்கினால் 'ப'கரம் வெடித்து மைக்கில் காற்று மோதும். அதற்கு ஒரு பாப் ஃபில்டரை இடையில் வைத்து, வாய்க்கு நேரே இல்லாமல் சற்று ஓரமாக மைக்கைத் திருப்பிவிட்டால் போதும்.

டைனமிக், கண்டென்சர் என்ற இருவகை மைக்குகளைப் பற்றி மிகுந்த குழப்பம் நிலவுகிறது. டைனமிக் மைக் அறைச் சத்தத்தைத் தானாகவே ஒதுக்கிவிடும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படி ஒரு மந்திரசக்தி அதற்கில்லை. மிக அருகில் வைத்துப் பேசினாலும் தாங்குகிற முரட்டுத்தனம் அதற்கு உண்டு, அவ்வாறு அருகில் வைத்துப் பேசுவதனால்தான் அறை ஒதுங்கிப்போகிறது. கண்டென்சருக்கு 48 வோல்ட் மின்சாரம் கேபிள் வழியாகவே செல்ல வேண்டும். அதன் மெல்லிய தகடு நுண்மையான ஒலிகளையெல்லாம் பிடிப்பதால், நல்ல அறையில் அது அமிர்தம். சீர்செய்யாத அறையில், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் அதே விசுவாசத்துடன் பிடித்துக் கொடுக்கும். கடலோர ஊர்களில் இருப்போர் கண்டென்சர் மைக்கை வேலை முடிந்தவுடன் சிலிக்கா ஜெல் இட்ட டப்பாவில் மூடிவைப்பது அவசியம். ஈரம் ஏறினால் அது பொரிவது போலச் சத்தமிடத் தொடங்கும்.

பேச்சுப் பதிவுக்கென்று என்னைக் கேட்டால், 1966 முதல் இன்றுவரை மேடைகளில் உழைத்துவரும் ஷூர் எஸ்எம்58-ஐயோ அதே தரத்து வேறொரு டைனமிக் மைக்கையோ தயங்காமல் சொல்வேன். அதன் போலிகள் சந்தையில் ஏராளமாக உலவுவதால், விலை வியப்புக்குரிய அளவில் குறைந்திருந்தால் வாங்காதீர்கள். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமே செல்லுங்கள். பிரபல பேச்சாளர்களின் முகத்துக்கு முன்னால் தென்படுகிற எஸ்எம்7பி என்ற மைக்கின்மீது உங்களில் பலருக்கு உள்ள ஆசை நான் அறிந்ததே. 1973-இல் வெளிவந்த அதன் முன்னோடியான எஸ்எம்7-இல்தான் மைக்கேல் ஜாக்ஸன் 'த்ரில்லர்' தட்டின் பாட்டுக்களைப் பாடினார் என்பதும் உண்மையே. ஆனால் அது தரும் மின்குறி மிகவும் மெலிந்தது. ஏறத்தாழ 60 டெசிபல் கெயின் கொடுத்தால்தான் பேச்சு போதிய உயரத்துக்கு வரும். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சிறிய இன்டர்ஃபேஸ் பெட்டிகளில் பல அந்த எல்லையை எட்டுமுன்பே மூச்சு வாங்கிப் பின்னணியில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலைக் கலந்துவிடுகின்றன. அதைச் சரிசெய்ய மற்றொரு பூஸ்டர் வாங்க நேர்கிறது. ஆரம்பத்தில் இருப்பவருக்கு இந்தச் செலவு வீண் என்பது என் தீர்ப்பு.

சங்கீதத்துக்கு வரும்போது ஆலோசனை மாறுகிறது. கர்நாடக சங்கீத வாய்ப்பாட்டை வாயருகே மைக் வைத்துப் பதிவு செய்தால், மந்தர ஸ்தாயி இயல்புக்கு மீறிக் கொழுத்துப்போகும். அகாரத்தின் விரிவு சுருங்கிப்போகும். சீர்செய்த அறையில், 30 அல்லது 40 சென்டிமீட்டர் தூரத்தில் நல்ல கண்டென்சர் ஒன்றை நெற்றி மட்டத்தில் வைத்து வாயை நோக்கிச் சாய்ப்பது நலம். மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும் வெவ்வேறு பாஷை பேசுபவை. ஆகவே அதற்கு இரண்டு மைக் வேண்டும். வீணையின் நாதம் குடத்தின் மேற்பலகையிலிருந்தே பிறப்பதால், மைக் அதை நோக்கியிருக்கட்டும். விரல் தந்தியில் உரசும் சத்தம் மிகுந்தால் ஒரு சாண் தள்ளி வையுங்கள். நாகஸ்வரத்தைச் சிறிய அறைக்குள் பதிவு செய்ய முற்பட வேண்டாம். திறந்த முற்றத்திலோ கோயில் பிராகாரத்திலோ வாசிக்கச் செய்து, தூரத்திலிருந்து பிடிப்பதே அந்த வாத்தியத்துக்குச் செய்யும் மரியாதை.

மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் இன்டர்ஃபேஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் மட்டுமே பேசுவதென்றால் நேரே யூஎஸ்பியில் செருகும் மைக் ஒன்றே போதும், இன்டர்ஃபேஸே வேண்டாம். இருவர் உரையாடுவதென்றால் இரண்டு யூஎஸ்பி மைக்குகளை ஒரே கம்ப்யூட்டரில் பூட்ட முயலாதீர்கள். ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கடிகாரத்தை உள்ளே வைத்திருப்பதால், ஒரு மணி நேரப் பேச்சில் ஒருவர் குரல் மற்றவர் குரலைவிட்டு மெல்ல மெல்ல நழுவிப்போகக் கூடும். இரண்டு மைக்குக்கு இடமுள்ள இன்டர்ஃபேஸ் ஒன்றே அதற்கு மருந்து. வாங்கும்போது பெயரைப் பார்க்காமல் கெயின் எவ்வளவு என்ற கணக்கைப் பாருங்கள். ஒரே குடும்பத்துப் பெட்டிகளிலேயே இது வேறுபடுகிறது: ஃபோகஸ்ரைட் கம்பெனியாரின் நான்காம் தலைமுறை ஸ்கார்லெட் வரிசையில் சோலோ என்ற சிறிய பெட்டி 57 டெசிபல் தருகிறது, 2ஐ2 என்ற அடுத்த பெட்டியோ 69 டெசிபல் தருகிறது. லெவல் வைக்கும்போது உச்சம் கழித்தல் 12 டெசிபலைத் தொடுமாறு வைத்து, 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். 16 பிட்டுக்கு மென்மைக்கும் உரப்புக்கும் இடையே 96 டெசிபல் இடந்தான் உண்டு; 24 பிட்டுக்குக் கணக்குப்படி 144. அவ்வளவு விசாலம் இருக்கும்போது, சிவப்பு விளக்கைத் தொட்டுக்கொண்டு பதிவு செய்து குரலைக் கிழியவிடுவதற்கு எந்த முகாந்திரமும் இல்லை. ஒலியை மாதிரியெடுக்கும் வேகம் 48 கிலோஹெர்ட்ஸ் போதும். 192 என்ற எண்ணைக் காட்டி விலையை உயர்த்துவோரிடம் ஏமாற வேண்டாம். 'ம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் முனகல் கேட்டால், முதலில் லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பல வீடுகளில் எர்த் சரியாக இல்லாததுதான் அதன் மூலம்.

ஹெட்போனைப் பலர் கடைசியில் எஞ்சிய பணத்தில் வாங்குகிறார்கள். என் கணக்கில் அது மைக்குக்குச் சமமான இடத்தில் இருக்க வேண்டும். ஏனெனில், ஃபிரிட்ஜின் உறுமலையும், நாற்காலியின் கிரீச்சொலியையும், லேசாகக் கிழியத் தொடங்கிய குரலையும், பாட்டி எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே உங்களுக்குத் தெரிவித்து, "இன்னொரு தடவை பாடுங்கள் பாட்டி" என்று கேட்கச் செய்வது அது ஒன்றுதான். காதை முழுவதும் மூடும் கம்பி ஹெட்போனாக வாங்குங்கள். 1991 முதல் வானொலி நிலையங்களிலும் கூடங்களிலும் புழங்கிவரும் சோனி எம்டிஆர்-7506 போன்றவை இதற்கென்றே ஆனவை. புளூடூத் ஹெட்போனில் ஒலி தாமதித்து வருவதால், தன் குரலைத் தானே கேட்டுப் பாடுபவர் தாளம் தப்பிவிடுவார். அலங்காரமான ஸ்பீக்கர்களை, அறையைச் சீர்செய்யும்வரை ஒத்திப்போடுங்கள். பதிவைப் பொய்யாக்கிய அதே அறை, ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலியையும் பொய்யாக்கியே உங்களுக்குக் கொடுக்கும்.

மென்பொருளைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அது எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளக் கூடியது என்பதே. ஒரே பதிவை ஒரே அளவில் கலந்தால், எந்த மென்பொருளிலும் அதே ஒலிதான் வெளிவரும். வேறுபாடு கைப்பழக்கத்திலும் சௌகரியத்திலும் இருக்கிறதேயன்றி நாதத்தில் இல்லை. பேச்சுக்கு, 1999-இல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி இன்றுவரை இலவசமாகவே வழங்கப்பட்டுவரும் ஆடாசிட்டி போதுமானது. பல ட்ராக்குகளில் வேலை செய்ய விரும்புவோர் ரீப்பரை எடுத்துக்கொள்ளலாம். 60 நாள் தங்குதடையின்றிப் பயன்படுத்திப் பார்த்தபின், தனி மனிதருக்கான உரிமத்தை 60 டாலருக்கு வாங்கினால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஆப்பிள் கம்ப்யூட்டர் உள்ளவர்களிடம் கராஜ்பேண்டு ஏற்கெனவே இருக்கிறது. தாளக் கோவைகளை அடுக்கிப் பாட்டுக் கட்டுவோருக்கு எஃப்எல் ஸ்டூடியோவும் ஏபிள்டன் லைவும் சௌகரியமானவை. மாதாமாதம் வாடகை கேட்கும் மென்பொருளைத் தொழிலாகச் செய்யாதவர்கள் தொட வேண்டாம் என்பது என் எண்ணம். வாடகை நின்ற மாதத்தில் உங்கள் பழைய வேலையையே நீங்கள் திறக்க முடியாமற் போகலாம்.

மென்பொருளில் ஒன்றைக் குறித்து மட்டும் நான் கவலையோடு எச்சரிக்க வேண்டியிருக்கிறது. பூமிக்கடியில் எண்ணெய் தேடுவதற்கான நில அதிர்வுக் கணக்குகளில் தேர்ந்த ஆண்டி ஹில்டிபிராண்டு என்பவர் 1997-இல் வெளியிட்ட ஆட்டோ டியூனும், அதன் வழிவந்த சுருதி திருத்தும் கருவிகளும், ஒரு ஸ்தாயியைச் சமமான பன்னிரண்டு படிகளாகப் பிரித்து, குரல் எந்தப் படிக்கு அருகில் இருக்கிறதோ அந்தப் படியில் அதைக் கொண்டுபோய் நிறுத்துபவை. மேல்நாட்டு மெட்டுக்களுக்கு அது பொருந்தலாம். தோடியின் காந்தாரமோ ஒரு படியில் நிற்பதே இல்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் சொரூபம். அந்த அசைவைப் பிழையென்று கருதும் கருவி, ராகத்தையே பிழையென்று கருதுகிறது. அப்படித் திருத்திய தோடியில் தோடி இருப்பதில்லை. சுருதி விலகியதென்றால் பாடகரையே மறுபடி பாடச் சொல்லுங்கள். தவிர்க்க முடியாத இடத்தில், தானியங்கி முறையை நிறுத்திவிட்டு, விலகிய ஒரு ஸ்வரத்தை மட்டும் கையால் தொட்டுச் சரிசெய்யுங்கள். இரைச்சலை நீக்கும் கருவிகளையும் இதே அடக்கத்தோடு கையாளுங்கள்: 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகள் இயல்பிலேயே இரைச்சலை ஒத்தவை ஆகையால், இரைச்சலென்று எண்ணி அவற்றையும் அந்தக் கருவிகள் அரித்துவிடுகின்றன.

வெளியிடும்போது பாட்காஸ்ட்டின் உரப்பைக் கழித்தல் 16 எல்யூஎஃப்எஸ் அளவிலும், உச்சத்தைக் கழித்தல் 1 டெசிபலுக்கு மேற்படாமலும் வையுங்கள். ஆப்பிள் நிறுவனத்தார் கேட்கும் அளவு அதுதான். பேருந்தில் கேட்பவர் ஒவ்வொரு பகுதிக்கும் ஒலியை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும் தொல்லை இதனால் நீங்கும்.

இனி எஞ்சியிருப்பது பாதுகாப்பு. எம்பி3 ஆகச் சுருக்கியதை வெளியிடுங்கள். சுருக்காத மூலப் பதிவை ஒருபோதும் அழிக்காதீர்கள். 24 பிட்டில் ஒரு மைக்கின் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 520 மெகாபைட்தான் ஆகிறது. அதற்கு இடமில்லையென்று சொல்லும் காலம் போய்விட்டது. இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் வையுங்கள், ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். நான் சொன்ன வரிசைப்படி பார்த்தால், அழிந்துபோன பதிவைவிட நிவர்த்திக்க முடியாத குறை வேறில்லை ஆகையால், அந்த இரண்டாவது டிஸ்க்கின் விலையை மென்பொருளுக்கு முன்னால் ஒதுக்க வேண்டும்.

டிஸ்க் மட்டும் இருந்து, பாடியவர் யாரென்று தெரியாமற் போவதும் ஒருவகை அழிவுதான். 1902-இல் கல்கத்தாவுக்கு வந்த கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பர்க்கிடம் பாடிப் பதிவு செய்த கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்லித் தட்டை முடித்தார். தட்டுக்களை அச்சிடும் ஆலை ஜெர்மனியின் ஹானோவரில் இருந்தது; அங்குள்ளவர்கள் பாடியவரை அடையாளம் காண்பதற்கு அந்தச் சொல்லே துணையாயிற்று. நீங்களும் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும், பாடுகிறவர் அல்லது பேசுகிறவர் சம்மதத்தோடு, அவருடைய பெயரையும் ஊரையும் அன்றைய தேதியையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். வெளியிடும்போது அதை வெட்டிவிடலாம். மூலத்தில் மட்டும் அது இருக்கட்டும்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும் நண்பன்